மாத்திரைக் கவரின் பின்பக்கம்

கவிஞனாகிவிடுவது என்று நான் தீர்மானித்தபோது செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்று பத்து. முப்பத்தோராவது குடையைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு முப்பத்திரண்டாவது குடையைக் கையில் எடுத்திருந்தேன். இப்படிப்பட்ட தருணங்களை வரலாற்றில் யாரும் சரியாகக் குறித்துவைப்பதில்லை. அதனால் நானே குறித்துவைக்கிறேன்.

எனக்கு பஸ் டிப்போவில் வேலை. தொலைந்த பொருள் பிரிவு. பயணிகள் மறந்துவிட்டுப் போவதை எல்லாம் கண்டக்டர்கள் அள்ளிக்கொண்டு வந்து என் மேஜையில் கொட்டுவார்கள். நான் சீட்டுக் கட்டி, எண் போட்டு, அலமாரியில் வைப்பேன். ஒரு வருடம் யாரும் தேடி வராவிட்டால் பொருளைக் கழித்துவிடலாம். அன்றைக்குக் கழிக்க வேண்டியவற்றில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பிரித்தேன். முழுக்கக் கவிதை. யாரோ ஒரு புண்ணியவான் எண்பது பக்கம் எழுதி, பஸ்ஸில் விட்டுவிட்டு, ஒரு வருடமாகத் தேடியே வரவில்லை. நாலு பக்கம் படித்தேன். நானாக இருந்தாலும் தேடியிருக்கமாட்டேன்.

ஆனால் அந்த நாலு பக்கம் என்னைச் சும்மா விடவில்லை. இவ்வளவு மோசமாக எழுதக்கூட ஒரு மனுஷனுக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. எனக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக நான் எழுதியது ‘கறுப்புக் குடை, பிடி உடைந்தது’ என்பதுதான். டிப்போவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ‘குடைக்காரர்’ என்றால் உடனே கையைக் காட்டுவார்கள். ரிட்டயர் ஆகிற அன்றைக்கும் குடைக்காரராகவே மாலை வாங்கிக்கொண்டு போவதா? முடியாது. ‘கவிஞர்’ என்று நாலு பேர் வாயால் கூப்பிடக் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கவிதை வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதே சனிக்கிழமை, அதே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் நான் வீட்டைச் சுத்தம் செய்கிற நேரம் என்பது முழுக்க முழுக்கத் தற்செயல். நம்புகிறவர்கள் நம்பலாம்.

என் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. மருந்தாளுநர். அவளுக்குச் சனிக்கிழமை பகல்வரை கடை உண்டு, எனக்கு டிப்போ கிடையாது. ஆகவே சனிக்கிழமை வீடு என் தலையில் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே ஏற்பட்ட ஒப்பந்தம். அதை உடைக்கத்தான் நான் அன்று சாயங்காலம் தொண்டையைச் செருமினேன்.

“நான் கவிதை எழுதக் கத்துக்கப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

அவள் எதைக் கேட்டாலும் இப்படித்தான் கேட்பாள். தொழில் பழக்கம்.

“என்ன எத்தனை நாளைக்கு? வாழ்நாள் முழுக்க!”

“பக்க விளைவு ஏதாவது இருக்கா?”

“சனிக்கிழமை காலையில மட்டும் நான் வீட்டுல இருக்கமாட்டேன்.”

“அதானே பார்த்தேன். அந்த எக்ஸாஸ்ட் ஃபேனை யாரு கழுவுறது? மூணு மாசமா எண்ணெய் வடியுது.”

“இதோ பாரு. கலைஞன்னு ஒருத்தன் வந்துட்டா அவனுக்குச் சமூகத்துல ஒரு பொறுப்பு இருக்கு.”

“வீட்டுல?”

“வீடும் சமூகமும் ஒண்ணா?”

“சமையலறைச் சுவத்துல வடியுற எண்ணெய் சமூகத்துல சேராதா?”

“பெரிய விஷயம் பேசறப்போ எண்ணெயைக் கொண்டுவராதே.”

மாத்திரைப் பட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டும்போது எங்கே வெட்டுவது என்று ஒரு கணம் பார்ப்பாளே, அப்படி என்னைப் பார்த்தாள். பிறகு “சரி” என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் சண்டை போட்டு நான் தோற்றது கம்மி. அவள் ‘சரி’ என்று சொல்லி நான் தோற்றதுதான் ஜாஸ்தி. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த உற்சாகத்தில் அது உறைக்கவில்லை.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் கடைக்குப் போகிற நேரமும் நான் டிப்போவுக்குப் போகிற நேரமும் ஒத்துவராது. அதனால் என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிவிடுவாள். எழுதுவது எதில்? மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னப் பழுப்புக் கவரில். எங்கள் வீட்டில் கைக்கு எட்டுகிற காகிதம் அதுதான். நாள் முழுக்க ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்’ என்று கவர் கவராக எழுதுகிற கை, வீட்டிலும் அதே சுருக்கத்தில்தான் எழுதும். அதிகப்படியாக ஒரு வார்த்தை இருக்காது. அவற்றில் பாதியை நான் படித்திருப்பேன். கால்வாசியைச் செய்திருப்பேன்.

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். எனக்குப் பக்கத்து நாற்காலி, ஓய்வுபெற்ற பல் டாக்டர். எதை எழுதினாலும் கடைசி வார்த்தை எதுகையில் கடிபடாமல் விடமாட்டார். பாடம் நடத்துகிறவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்போம்.

“அந்தக் காலத்துல கவிஞன் ராஜாவைப் பாடினான். ராஜா யானை கொடுத்தார்” என்று ஆரம்பித்தார் டீச்சர். “அப்புறம் ராஜா போயிட்டார். கவிஞன் மேடையேறி ஜனங்களைப் பாடினான். ஜனங்க கை தட்டினாங்க. இப்போ ஜனங்க கையில போன் இருக்கு. தட்ட கை காலியா இல்லை. அப்போ இன்னைக்குக் கவிஞனுக்கு என்னதான் வேலை?”

“யானைக்குத் தீனி யாரு போட்டாங்க டீச்சர்?” என்றார் பல் டாக்டர்.

“அவன் சம்சாரம் போட்டிருப்பா” என்றார் டீச்சர், எழுதிக்கொண்டே.

நான் கையை உயர்த்தினேன். “கவிஞன் சமூகத்துக்கு வழிகாட்டணும் டீச்சர்.”

“நீங்க எங்க சார் வேலை பார்க்கறீங்க?”

“தொலைந்த பொருள் பிரிவு.”

“அப்படியா? உங்க கவிதையைப் படிச்சேன். அதுல என்ன தொலைஞ்சிருக்குன்னு முதல்ல தேடுங்க.”

முதல் வாரம் நான் நிலவைப் பற்றி எழுதியிருந்தேன். “நிலாவை விட்டுடுங்க சார், பாவம், களைச்சுப்போயிருக்கு” என்றார். இரண்டாம் வாரம் கடல். “கடல் பெரிசுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார். மூன்றாம் வாரம் ‘மனிதகுலமே, எழுக!’ என்று அறைகூவினேன். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் அசரவில்லை. அந்த மூன்று வாரமும் குடைகளுக்குச் சீட்டுக் கட்டுகிறபோதெல்லாம் மனசுக்குள் மனிதகுலத்தை எழுப்பிக்கொண்டேதான் இருந்தேன்.

நாலாம் வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். வீட்டில் தினமும் தொடுகிற ஒரு பொருள், ஆறே வரி. வெள்ளிக்கிழமை மாலை ஃபிரிட்ஜைத் திறந்தபோது எனக்குப் பொறி தட்டியது. ஃபிரிட்ஜையே பாடிவிடலாம்! எழுதக் காகிதம் தேடினேன். காந்தத்துக்கு அடியில் ஒரு கவர் இருந்தது. உருவி, பின்பக்கத்தில் எழுதினேன். ‘குளிரின் கோமகனே! பனிமலையின் பங்காளியே!’ என்று தொடங்கி ஆறு வரியையும் நிறுத்தாமல் எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. திறந்திருந்த ஃபிரிட்ஜ்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் கவரை டீச்சரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி பார்த்தார். எழுந்து நின்று சத்தமாகப் படித்தார்.

‘தண்ணீர் பாட்டிலைக்
குடித்தவர் நிரப்பவும்.
பாட்டிலுக்குக்
கால் இல்லை.
எனக்கு
இரண்டுதான்.’

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் கோமகன் எப்போது வருவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் படித்தது கவரின் முன்பக்கத்தை.

“‘எனக்கு இரண்டுதான்’” என்று டீச்சர் இன்னொரு முறை சொன்னார். “ஒரு வீட்டுல நிக்காம ஓடிட்டிருக்கிற ஒரு ஆளோட மொத்த அலுப்பும் இந்த ரெண்டு வார்த்தையில இருக்கு. சார், இது நீங்க எழுதினதா?”

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் ஓர் ‘இல்லை’ சொல்லியிருக்க வேண்டும். எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் என்னை இதுவரை பார்த்ததில்லை.

“என்னோட கவர்தான் டீச்சர்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“நான் கேட்டேனே, இன்னைக்குக் கவிஞனுக்கு என்ன வேலைன்னு? இதுதான் வேலை. அவன் இனிமே புகழ்றவன் இல்லை. வழிகாட்டுறவனும் இல்லை. கூட இருக்கிறவனுக்கு நினைவுபடுத்துறவன். கவிஞர் சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க.”

கவிஞர் சார்! படியிறங்கி வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்து, காலியாக்கி, நிரப்பாமல் வைத்தேன்.

ஆமாம். என் திட்டம் அதுதான். நான் தப்புச் செய்தால்தான் அவள் எழுதுவாள். அவள் எழுதினால்தான் நான் கவிஞன். ஆகவே அன்றிலிருந்து நான் திட்டமிட்டு, அட்டவணை போட்டு, தப்புச் செய்ய ஆரம்பித்தேன். குளித்துவிட்டு ஈரத் துண்டை மெத்தைமேல் விரித்தேன். மறுநாள் காலை அறுவடை.

‘மெத்தை
குளிக்கவில்லை.
குளித்தது நீங்கள்.
துண்டுக்குத் தெரியும்.
உங்களுக்கு?’

எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு டிப்போவுக்குப் போனேன்.

‘விளக்கை அணைக்கவும்.
நீங்கள் இல்லாத அறையில்
யாருக்கு
வெளிச்சம்?’

இதைப் படித்துவிட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மரணத்தைப் பற்றி இவ்வளவு எளிமையாக எழுதியதை, தான் பார்த்ததில்லை என்றார். பல் டாக்டர் எதுகையையே விட்டுவிட்டார். நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அடக்கம் எனக்கு நன்றாகவே வந்தது.

வீட்டில்தான் கொஞ்சம் இடித்தது.

“ஏங்க, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஏன்? நல்லாத்தானே இருக்கேன்.”

“செருப்பை ஃபிரிட்ஜ் மேல வெச்சிருக்கீங்க.”

“கவனிக்கலை. நீ எழுதி ஒட்டிட்டா ஞாபகம் வெச்சுக்குவேன்.”

“நான்தான் நேர்லயே சொல்லிட்டேனே.”

“சொன்னா மறந்துடுது. எழுத்துல இருந்தாத்தான் எனக்கு மனசுல பதியுது.”

“அப்படியா?” என்றாள். செருப்பை எடுத்துக் கீழே வைத்தாள். எழுதவில்லை.

அந்த வாரம் எழுதவேயில்லை. அடுத்த நாலு நாளும் ஃபிரிட்ஜ் கதவில் வெறும் காந்தம்தான். நான் துண்டை மெத்தைமேல் போட்டேன், தலையணைமேல் போட்டேன், கடைசியில் அவள் தலையணைமேலேயே போட்டேன். சத்தமில்லாமல் எடுத்துக் காயப்போட்டாள். வியாழக்கிழமை மணிக்கு ஒரு தரம் போய் அந்த வெறும் காந்தத்தைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு டீச்சர் வேறு போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: நூலகத்தின் கீழ்க்கூடத்தில் ஒரு விழா. வகுப்பில் ஆறு பேருடைய கவிதைகளை அச்சடித்து நகரத்து பஸ்ஸுக்குள் ஒட்டப்போகிறார்கள். கடைசியாக நான் மேடையேறி ஒரு புதுக் கவிதை வாசிக்க வேண்டும். டிப்போ மேலாளரே வருகிறார். என்னைக் குடைக்காரர் என்று கூப்பிடுகிற அதே மேலாளர்! என் பஸ்கள், என் டிப்போ, உள்ளே என் கவிதை. இதை விட்டால் எனக்கு இன்னொரு வாய்ப்பு இந்த ஜன்மத்தில் இல்லை.

“ஏம்மா, ஏன் எழுதறதை நிறுத்திட்டே?” என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“எழுதி எழுதிக் கை வலிக்குது. எழுதினா மட்டும் நீங்க செய்யப் போறீங்களா?”

“செய்யறேன்.”

“நிஜமா?”

“நீ எழுது. எழுதினதை அப்படியே செய்யறேன்.”

யோசித்தாள். “சரி. ஆனா ஒரு கவர் முடிஞ்சாத்தான் அடுத்த கவர். மருந்துன்னா கோர்ஸை முடிக்கணும். பாதியில விடக் கூடாது.”

“சம்மதம்.”

எப்படிப்பட்ட சம்மதம் என்று எனக்கு மறுநாள் தெரிந்தது. ஒரு கவருக்கு ஜன்னல்கள் முழுக்கத் துடைத்தேன். இன்னொரு கவருக்குத் துணி அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன். ஷூ ரேக், தண்ணீர்த் தொட்டி, கட்டிலுக்கு அடியில் பல ஆண்டு ஒட்டடை. ஆறு வாரத்தில் எங்கள் வீடு மின்னியது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் என்னை மாடிப்படியில் மடக்கினார்.

“என்ன சார், உங்களுக்கு என்ன பிரச்சினை?”

“ஏன்?”

“நீங்க மாடிக் கொடியில துணி உலர்த்துறதை என் வீட்டுக்காரி பார்த்துட்டா. க்ளிப்பெல்லாம் ஒரே நிறமா போட்டிருக்கீங்களாம். ஒரு வாரமா எனக்குச் சாப்பாடு எறங்கலை. எதுக்கு சார் இப்படிப் பண்றீங்க?”

“கலைக்காக” என்றேன்.

“யாரு கலா?” என்று அவர் சந்தேகத்தோடு பார்த்தார். விளக்கினால் இன்னும் கெட்டுவிடும் என்று மேலே ஏறிவிட்டேன்.

விழா நாளும் வந்தது. மனைவியிடம் டிப்போவில் முக்கியமான கூட்டம் என்று சொல்லியிருந்தேன். “சரி, போயிட்டு வாங்க. அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணுதான் பாக்கி. அடுத்த கவர் ஃபிரிட்ஜ்ல இருக்கு, கழுவி முடிச்சுட்டு எடுங்க” என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அதுவரை வந்த கவர்களை எல்லாம் வகுப்பிலேயே வாசித்துத் தீர்த்தாகிவிட்டது, ஆகவே எட்டிலிருந்து அந்த ஃபேனோடு மல்லுக்கட்டினேன். இறக்கையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மாட்டி முடிக்கும்போது மணி பத்து. பத்தரைக்கு விழா. நேர்மையாக முடித்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். கவர் இருந்தது. கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. படித்தால் கறைபடிந்து எழுத்து அழிந்துவிடும் என்று இரண்டு விரலால் காந்தத்தைத் தள்ளி, நுனியைப் பிடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கூடத்தில் ஐம்பது பேர் இருக்கலாம். முன்வரிசையில் மேலாளர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையவும் டீச்சர் மைக்கில் என்னை அழைக்கவும் சரியாக இருந்தது.

“யானை வாங்கின கவிஞர்கள் இருந்தாங்க. கைதட்டு வாங்கின கவிஞர்கள் இருந்தாங்க. இவர் ஒண்ணும் கேட்கலை. ஒரு மாத்திரைக் கவர்ல எழுதி நம்ம கையில கொடுத்துட்டுப் போயிடறார். கவிஞர் வர்றார்.”

கவிஞர் வந்தேன். பையிலிருந்து கவரை எடுத்தேன். ஒரு முறை கூடத்தைப் பார்த்தேன். வகுப்பில் கற்றபடி, ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட்டு, ‘எழுதியவர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நல்ல இடைவெளி கொடுத்து, கணீரென்று வாசித்தேன்.

‘சனிக்கிழமைகளில் இனி
வீட்டை
நான் பார்த்துக்கொள்கிறேன்.
வகுப்புக்கு
எழுதியவர்
போகட்டும்.’

‘போகட்டும்’ என்று சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே காதில் விழுந்தது.

டீச்சர் தலையைச் சாய்த்து, “எழுதியவர் யாரு சார்?” என்று கேட்டார்.

“நான் சொல்றேன்!” என்று மூன்றாவது வரிசையில் பல் டாக்டர் துள்ளி எழுந்தார். “தலையெழுத்தை எழுதினவன்! ஆண்டவனைச் சொல்றார்! என்ன ஆழம், என்ன ஆழம்!”

மேலாளர் தலையாட்டினார். நாலைந்து பேர் தட்ட ஆரம்பித்தார்கள். தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ‘ஆமாம், ஆண்டவன்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலம்பூராவும் நான் கவிஞர். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்போதுதான் பல் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

முறைக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்கிறவரை அவள் இப்படித்தான் பார்ப்பாள். திட்டமாட்டாள். சீட்டு வரும்வரை சும்மா காத்திருப்பாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்ப வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடம் இந்த வரிகள் என் மூக்குக்கு நேரே தொங்கியிருக்கின்றன. தொல்லை என்று நினைத்தேன். யாரோ ஒரு பெண் எழுந்து நின்று வாசித்த பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்றே எனக்குக் கேட்டது. கேட்டதும் நான் செய்த முதல் காரியம், அதை என் பெயரில் எழுதிக்கொண்டதுதான். என் வேலையே தொலைந்த பொருளை உரியவரிடம் ஒப்படைப்பது.

“டீச்சர்” என்றேன். மைக் கீச்சென்றது. “எழுதியவர் மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கார். பாட்டில், துண்டு, விளக்கு எல்லாமே அவங்க எழுதினது. என் சம்சாரம். கவர் மட்டும்தான் என்னோடது. அதுவும் அவங்க கடையோடது.”

அப்புறம் நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது. அது என் பக்கம் வரவில்லை. டீச்சர் மேடையைவிட்டு இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர், ‘ஆண்டவனே’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலாளர் என்னிடம் வந்து, “குடைக்காரரே, அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் ஒரே இருக்கை.

“எப்போ தெரியும்?”

“முதல் கவரை வாசிச்ச வாரமே. அந்தப் பல் டாக்டர் வாய் கொப்பளிக்கிற மருந்து வாங்க நம்ம கடைக்குத்தான் வருவார். கவுன்ட்டர்ல நின்னு ‘பாட்டிலுக்குக் கால் இல்லை’ன்னு ஒப்பிச்சார். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. யாரு எழுதினதுன்னு கேட்டேன். குடை ஆபீஸ்ல ஒரு பெரிய கவிஞர்னார். இன்னைக்கு விழான்னு சொன்னதும் அவர்தான்.”

“அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா ஃபேனைக் கழுவியிருப்பீங்களா?”

கொஞ்சம் தூரம் போனதும் அவள் மெல்லிய குரலில் கேட்டாள். “நிஜமாவே நல்லா இருக்கா? நான் எழுதறது?”

“நிஜமாவே” என்றேன். அவள் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக எதற்கும் ‘சரி’ சொல்லாமல் இருந்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் கடைக்கு விடுப்பு போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். மேடையில், மைக்கில், ஐம்பது சாட்சிகள் முன்னால் நான் சொன்ன வாக்கு, மீற முடியாது. அவளுடைய தண்ணீர் பாட்டில் கவிதை அறுபது பஸ்களில் ஓடுகிறது. கண்டக்டர்கள் என் மேஜையில் குடையைக் கொட்டும்போது, “கவிஞரம்மா வீட்டுக்காரரே” என்று கூப்பிடுகிறார்கள். குடைக்காரருக்கு இது பதவி உயர்வுதானா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் என் தீர்மானம் அப்படியேதான் இருக்கிறது. கவிதை எழுதாமல் விடமாட்டேன். சொந்தமாக, என் கையால், பக்கெட்டுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் எழுதுவேன். ஒரு கவிஞனுக்கு முதலில் ஒழுங்கு வேண்டும் என்று ஐந்து வாரமாக ஒரு சின்னத் தப்புகூடச் செய்யவில்லை. பாட்டில் நிரம்பியிருக்கிறது. விளக்கு அணைந்திருக்கிறது. துண்டு கொடியில் காய்கிறது.

நேற்று சனிக்கிழமை. அவள் கிளம்பிப் போன பிறகு ஃபிரிட்ஜ் கதவில் கவர் இருந்தது.

‘ஐந்து வாரமாக
நீங்கள் தப்பே செய்யவில்லை.
எனக்கு
எழுத ஒன்றும் இல்லை.
ஈரத் துண்டை
மெத்தைமேல் போடவும்.’

கலைக்காக என்று நினைத்துக்கொண்டு துண்டை நனைத்து, மெத்தைமேல் நன்றாக விரித்துப் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என்ன இருந்தாலும் அவள் எழுத நான் வேண்டும். இப்போதெல்லாம் எந்தக் கவரையும் இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டதால், திருப்பிப் பார்த்தேன்.

‘பிறகு விரிப்பைத் துவைக்கவும். சாப்பாட்டுக்கு முன்.’